யன்னல் வழியே ஒரு சொல்



ஆங்கிலத்தில் அதிகம் வழங்காத ஒரு சொல்லைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதன் உச்சரிப்பு ‘டிஃபெனெஸ்ட்ரேஷன்’. எழுத்துக்கூட்டினால் டி, ஈ, எஃப், ஈ, என், ஈ, எஸ், ரி, ஆர், ஏ, ரி, ஐ, ஓ, என் எனப் பதினான்கு எழுத்துகள் வரும். ஒருவரையோ ஒரு பொருளையோ யன்னல் வழியாக வெளியே எறிதல் என்பது அதன் பொருள்.

இந்தப் பொருளை வகுப்பில் சொன்னால் சிரிப்பு எழும். “டீச்சர், இதுக்கெல்லாமா ஒரு சொல்லு?” என்று யாராவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள். அது நியாயமான கேள்விதான். வாழைப்பழத் தோலை யன்னலால் எறிவதற்கு எவருக்கும் பதினான்கு எழுத்துச் சொல் தேவைப்படாது. அப்படியானால் யாருக்கு இது தேவைப்பட்டது? எப்போது தேவைப்பட்டது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் மூன்று விடயங்கள் நமக்குக் கிடைக்கும். நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பயமின்றிப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று. நம் வீட்டுத் தமிழுக்குள் ஏற்கனவே வந்து குடியிருக்கும் இலத்தீன் மொழியின் அறிமுகம் இன்னொன்று. மூன்றாவது, எந்த மொழியில் எதை வாசித்தாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. அந்த மூன்றாவதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சொல்லைப் பிரித்தல்

அரபு படிக்கும் மாணவிகளுக்கு வேர்ச்சொல் என்பது புதிதல்ல. க-த-ப என்ற மூன்றெழுத்து வேர் எழுதுதல் என்ற கருத்தைச் சுமக்கிறது. அதிலிருந்து கிதாப் வருகிறது, எழுதுபவரைக் குறிக்கும் காதிப் வருகிறது, மக்தப் வருகிறது, நூலகத்தைக் குறிக்கும் மக்தபாவும் வருகிறது. வேரைத் தெரிந்துகொண்டவளுக்கு நான்கு சொற்களும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரியும்.

இலத்தீனிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே பிரியும். ஆனால் இங்கே வேருக்கு முன்னால் ஓர் ஒட்டும் பின்னால் ஓர் ஒட்டும் சேரும். நமது சொல்லில் மூன்று பகுதிகள் உள்ளன.

முதலாவது ‘டி’ என்ற முன்னொட்டு. இலத்தீனில் இதற்கு ‘இருந்து’, ‘கீழே’, ‘அப்பால்’ என்ற பொருள்கள் உண்டு. இரண்டாவது ‘ஃபெனெஸ்ட்ரா’. இது யன்னலைக் குறிக்கும் இலத்தீன் சொல். மூன்றாவது ‘ஏஷன்’ என்ற பின்னொட்டு. இது ஒரு செயலைப் பெயர்ச்சொல்லாக மாற்றித் தரும். தமிழில் ‘தல்’, ‘அல்’, ‘கை’ போன்ற தொழிற்பெயர் விகுதிகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இது செய்கிறது. எறி என்ற வினையிலிருந்து எறிதல் பிறப்பதைப் போன்றது இது.

மூன்றையும் சேர்த்தால் ‘யன்னலிலிருந்து வெளியே போக்குதல்’ என்று வருகிறது. அகராதியைத் திறக்காமலே பொருளின் வாசலுக்கு வந்துவிட்டோம்.

‘டி’ என்ற முன்னொட்டை ஒருமுறை அறிந்துகொண்டால் அது பல இடங்களில் உதவும். தங்கியிருத்தலைக் குறிக்கும் ‘டிபென்ட்’ என்ற சொல், கீழே தொங்குதல் என்ற இலத்தீன் பொருளிலிருந்து வந்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ‘பென்டன்ட்’ அதன் உறவு. ஒன்றை நம்பி வாழ்பவர் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்ற காட்சி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கீழிறங்குதலைக் குறிக்கும் ‘டிசென்ட்’ என்பதில் ‘ஏறுதல்’ என்ற வினைக்கு முன் ‘டி’ சேர்ந்து ‘இறங்குதல்’ ஆகியது. கண்டுபிடித்தலைக் குறிக்கும் ‘டிடெக்ட்’ என்பதில் ‘மூடுதல்’ என்ற வினைக்கு முன் ‘டி’ சேர்ந்து ‘மூடியை நீக்குதல்’ ஆகியது. துப்பறிவாளர் மூடிக் கிடப்பதைத் திறப்பவர். நாடு கடத்தலைக் குறிக்கும் ‘டிபோர்ட்’ என்பதில் உள்ள ‘போர்ட்’ சுமத்தலைக் குறிக்கும். ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘ட்ரான்ஸ்போர்ட்’ மூன்றிலும் அதே சுமைதான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘டி’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களிலும் இந்த முன்னொட்டு இருப்பதில்லை. மானைக் குறிக்கும் ‘டியர்’ என்ற சொல்லை இப்படிப் பிரிக்க முயன்றால் மானும் மிஞ்சாது, பொருளும் மிஞ்சாது. பிரித்துப் பார்த்த பிறகு நல்ல அகராதி ஒன்றில் சரிபார்ப்பது அவசியம்.

யன்னலுக்கு எத்தனை பெயர்கள்!

ஃபெனெஸ்ட்ரா என்ற இலத்தீன் சொல் ஐரோப்பாவின் பல மொழிகளில் இன்றும் வாழ்கிறது. இத்தாலியருக்கு யன்னல் ‘ஃபினெஸ்ட்ரா’. பிரெஞ்சுக்காரருக்கு ‘ஃபெனெத்ர்’. ஜேர்மானியருக்கு ‘ஃபென்ஸ்டர்’. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் ‘ஃபெனெஸ்டர்’ என்று சொன்னதுண்டு. ஆனால் அங்கே இன்னொரு சொல் வந்து வென்றுவிட்டது. அதுதான் நாம் அறிந்த ‘விண்டோ’.

விண்டோ இலத்தீன் சொல் அல்ல. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. ‘விந்தவுகா’ என்பது மூலச்சொல். அதில் முதற்பாதி காற்று, பிற்பாதி கண். ஆகவே விண்டோ என்றால் ‘காற்றுக் கண்’. கண்ணாடி போடப்படாத காலத்தில் சுவரிலோ கூரையிலோ இருந்த திறப்பு வேறு எப்படித் தோன்றியிருக்கும்? அதற்கு முன்னர் பழைய ஆங்கிலத்தில் ‘கண்துளை’ என்று பொருள்படும் ஒரு சொல் வழங்கியது. அந்தத் துளை யன்னலிலிருந்து மறைந்துவிட்டாலும் மூக்கில் இன்னும் இருக்கிறது. நாசித் துவாரத்தைக் குறிக்கும் ‘நொஸ்ட்ரில்’ என்பதன் பொருள் ‘மூக்குத் துளை’.

ஸ்பானிய மொழியில் யன்னல் ‘வென்தானா’ எனப்படும். இது காற்றைக் குறிக்கும் ‘வென்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரபியில் ‘நாஃபிதா’ என்ற சொல் ஊடுருவிச் செல்லுதல் என்ற வேரிலிருந்து பிறந்தது.

இனி நம் தமிழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் யன்னலைக் குறிக்கக் ‘காலதர்’ என்ற சொல் வருகிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். பூம்புகாரின் மாளிகைகளைச் சொல்லும் இடத்தில், மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் இருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். காற்றும் கண்ணும் அங்கேயும் சேர்ந்துவிட்டன. ‘பலகணி’ என்ற இன்னொரு தமிழ்ச் சொல்லிலும் கண் இருக்கிறது. பல கண்களை உடையது பலகணி. வடகடலோரத்து நோர்ஸ் மக்களும் காவிரிப்பூம்பட்டினத்துத் தமிழரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் சுவரில் இருந்த திறப்பைப் பார்த்து இரு சாராரும் காற்றையும் கண்ணையும் நினைத்தார்கள்.

அப்படியென்றால் நாம் அன்றாடம் சொல்லும் ‘யன்னல்’ எங்கிருந்து வந்தது? அது போர்த்துக்கேயரின் ‘ஜனெலா’. 1505இல் இலங்கைக் கரையில் இறங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கரையோரத்தில் நிலைத்திருந்தவர்கள் அவர்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை முற்றாக வெளியேற்றினர். ஆட்சி போனாலும் சொற்கள் போகவில்லை. சிங்களத்தில் ‘ஜனேலய’ என்றும், மலாய் மொழியில் ‘ஜெண்டெலா’ என்றும், தமிழில் யன்னல் அல்லது ஜன்னல் என்றும் அதே சொல் தங்கிவிட்டது. ஒரே தெருவில் வாழும் சிங்களக் குடும்பமும் மலாய்க் குடும்பமும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பமும் காலையில் திறப்பது ஒரே சொல்லைத்தான்.

போர்த்துக்கேயரின் ஜனெலாவுக்கும் மூலம் இலத்தீனே. கதவைக் குறிக்கும் ‘யானுவா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘சிறு கதவு’ என்ற பொருளில் அது பிறந்தது. கதவுகளுக்கும் தொடக்கங்களுக்கும் உரியவராக உரோமர் கருதிய ‘யானுஸ்’ என்பவரின் பெயரால் ஆண்டின் வாசலான ஜனவரி மாதம் பெயர் பெற்றது. பாடசாலையைப் பராமரிக்கும் ஊழியரை ஆங்கிலத்தில் ‘ஜனிட்டர்’ என்பர். அச்சொல்லின் பழைய பொருள் வாயிற்காப்போன்.

இத்துடன் முடியவில்லை. நீங்கள் அமர்ந்திருக்கும் கதிரை, போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ வழியாக இலத்தீனின் ‘கதெத்ரா’விலிருந்து வந்தது. உங்கள் முன்னுள்ள மேசை ‘மென்ஸா’விலிருந்து வந்தது. புத்தகம் அடுக்கியுள்ள அலுமாரி ‘ஆர்மாரியும்’ என்பதிலிருந்து வந்தது. முதலில் அது ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் பெட்டகம். கையிலுள்ள பேனை, பறவையின் இறகைக் குறிக்கும் ‘பென்னா’விலிருந்து வந்தது. இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தின் நினைவு அது. பார்ப்பதற்குப் பேனைக்குச் சகோதரி போலத் தோன்றும் பென்சில் உண்மையில் அந்நியர்; சிறு தூரிகையைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது.

“எங்கட பிள்ளைக்கு இங்கிலிஷ் ஏறாது” என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். யன்னலைத் திறந்து, கதிரையை இழுத்து, மேசையில் பேனையை வைக்கும் பிள்ளை நான்கு இலத்தீன் சொற்களை ஏற்கனவே கையாண்டுவிட்டாள். உம்மும்மாவும் அப்படித்தான் பேசினார். அவருக்கு அது இலத்தீன் என்று தெரியாது, அவ்வளவே.

பிராக் நகரத்து யன்னல்

இனி முதற் கேள்விக்குத் திரும்புவோம். யன்னலால் எறிவதற்கு ஒரு தனிச்சொல் ஏன் வேண்டியிருந்தது?

ஃபெனெஸ்ட்ரா பழைய இலத்தீன். ஆனால் டிஃபெனெஸ்ட்ரேஷன் உரோமரின் சொல் அன்று. உரோமப் பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஐரோப்பாவின் கல்விமான்களுக்கு இலத்தீனே பொது மொழியாக இருந்தது. புதிய தேவை வரும்போது பழைய வேர்களைக் கொண்டு அவர்கள் புதிய சொல் கட்டினார்கள். அந்தத் தேவை இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராக்கில் எழுந்தது.

அங்கே 1419 ஜூலை 30ஆம் திகதி ஒரு நிகழ்வு நடந்தது. சமயச் சீர்திருத்தவாதியான யான் ஹூஸ் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவரைப் பின்பற்றியோர் ஊர்வலமாகப் புதிய நகர மண்டபத்துக்குச் சென்று, சிறையிலுள்ள தம்மவரை விடுவிக்குமாறு கேட்டனர். வாக்குவாதம் முற்றிக் கூட்டம் உள்ளே புகுந்தது. நகர சபையினர் பலர் யன்னல்களால் வீசப்பட்டு இறந்தனர். தொடர்ந்து நீண்ட போர்கள் மூண்டன.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் அதே நகரில் இன்னொரு நிகழ்வு நடந்தது. அதுவே இந்தச் சொல்லை உலகறியச் செய்தது.

பிராக் அப்போது பொஹீமியா இராச்சியத்தின் தலைநகர். மக்களில் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்தர். ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தவர் கத்தோலிக்கர். 1609இல் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃப் ஓர் ஆணைப் பத்திரம் மூலம் புரட்டஸ்தாந்தருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் வழங்கினார். ஆனால் சில ஆண்டுகளில் அந்த வாக்குறுதி தேயத் தொடங்கியது. அவர்களின் தேவாலயம் ஒன்று மூடப்பட்டது, மற்றொன்று இடிக்கப்பட்டது. முறையிட்டவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கூட்டம் கூடுவதும் தடை செய்யப்பட்டது.

1618 மே 23ஆம் திகதி, துர்ன் பிரபுவின் தலைமையில் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்தனர். அரசரின் பிரதிநிதிகள் நால்வர் அங்கே இருந்தனர். “எங்களுக்கு எதிரான கட்டளைக்கு நீங்கள் பொறுப்பா?” என்று விசாரித்தனர். இருவர் குற்றமற்றவர் என விடப்பட்டனர். மற்ற இருவரான ஸ்லவாட்டாவும் மார்ட்டினிட்ஸும் யன்னலால் எறியப்பட்டனர். அவர்களோடு ஃபப்ரிசியஸ் என்ற செயலாளரும் எறியப்பட்டார். யன்னலுக்கும் கீழேயுள்ள அகழிக்கும் இடையே 50 அடிக்கும் அதிகமான உயரம் இருந்தது.

மூவரும் உயிர் பிழைத்தனர்!

எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு உடனடியாக இரண்டு கதைகள் பரவின. கன்னி மரியாளின் பாதுகாப்பே அவர்களைத் தாங்கியது என்று கத்தோலிக்கத் தரப்பு சொன்னது. குப்பைமேட்டில் விழுந்ததால் தப்பினார்கள் என்று புரட்டஸ்தாந்தத் தரப்பு கேலி செய்தது. கோட்டைச் சுவரின் அடியிலிருந்த சரிவும் அவர்கள் அணிந்திருந்த தடித்த மேலங்கிகளும் காரணமாகலாம் எனக் கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. விழுந்தது ஒரே மூவர். விழுந்த இடமும் ஒன்றே. சொன்னவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதைப் பொறுத்து ஒன்று அற்புதமாகவும் மற்றொன்று அவமானமாகவும் ஆகியது.

அருகிலிருந்த மாளிகையின் பெருமாட்டி பொலிக்ஸேனா, தப்பி வந்தோருக்கு அடைக்கலம் கொடுத்தார். துரத்தி வந்தவர்களை அவர் உள்ளே விடவில்லை என்று சொல்லப்படுகிறது. செயலாளர் ஃபப்ரிசியஸ் வியன்னாவுக்குச் சென்று பேரரசரிடம் செய்தியைச் சேர்த்தார். பின்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. ‘ஹோஹென்ஃபால்’ என்பது அப்பட்டம். அதன் பொருள் ‘உயர்ந்த வீழ்ச்சி’! வீழ்ந்ததற்காக உயர்ந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சிரிப்பு இங்கே முடிகிறது. அந்த யன்னலிலிருந்து தொடங்கிய கிளர்ச்சி 1620 நவம்பரில் வெள்ளை மலைச் சமரில் தோற்றது. அடுத்த ஆண்டு ஜூனில் பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்கள் மரணதண்டனைக்கு உள்ளாயினர். போர் பொஹீமியாவோடு நிற்கவில்லை. டென்மார்க், சுவீடன், பிரான்ஸ், ஸ்பெயின் எனப் பல நாடுகள் அதில் இறங்கின. 1648இல் வெஸ்ட்ஃபாலியா சமாதானம் வரும்வரை நீடித்த அதுவே முப்பதாண்டுப் போர். வாளால் இறந்தவர்களைவிடப் பசியாலும் கொள்ளைநோயாலும் இறந்தவர்கள் அதிகம். மொத்தமாகப் பல மில்லியன் உயிர்கள் போயின. யன்னலால் விழுந்த மூவர் பிழைத்தார்கள். அந்த யன்னலைக் கண்ணாலும் காணாத உழவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள்.

1620 அளவில் டிஃபெனெஸ்ட்ரேஷன் என்ற சொல் ஆங்கில எழுத்தில் தோன்றிவிட்டது.

இன்று இச்சொல்

இன்று இது பெரும்பாலும் உருவகமாகவே வழங்குகிறது. ஒரு கட்சி தன் தலைவரை எதிர்பாராத நேரத்தில் பதவியிலிருந்து தூக்கினால், ஆங்கிலப் பத்திரிகைகள் அதை டிஃபெனெஸ்ட்ரேஷன் என்று எழுதும். கணினி பழகியவர்கள் விண்டோஸ் இயங்குதளத்தை நீக்கி வேறொன்றை நிறுவுவதையும் வேடிக்கையாக இப்பெயரால் அழைப்பதுண்டு.

விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு ஃபெனெஸ்ட்ரா என்ற வேர் பாடத்திலும் எதிர்ப்படும். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள நீள்வட்டத் திறப்புக்கும் வட்டத் திறப்புக்கும் இலத்தீனில் இதே பெயர்தான். சிறுநீரகத்தில் நுண்துளைகளுள்ள குருதி மயிர்க்குழாய்களை விவரிக்கும் ஆங்கில அடைமொழியிலும் இந்த வேர் உண்டு. வீட்டு முற்றத்தில் வளர்க்கும் மொன்ஸ்டெரா செடியின் இலையில் ஓட்டைகள் விழுவதையும் தாவரவியலார் இச்சொல்லால் குறிப்பர். ஒரு வேரை அறிந்தால் வரலாறும் உயிரியலும் ஒன்றாகத் திறக்கும்.

எறிந்தவர் எங்கே?

இப்போது தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். கீழே நான்கு வாக்கியங்கள் உள்ளன. நான்கும் ஒரே நிகழ்வைப் பற்றியவை.

1. மூவர் யன்னலிலிருந்து விழுந்தனர்.
2. மூவர் யன்னலால் எறியப்பட்டனர்.
3. பிரபுக்கள் மூவரை யன்னலால் எறிந்தனர்.
4. பிராக்கில் ஒரு யன்னலெறிதல் நிகழ்ந்தது.

முதலாவதை வாசிப்பவர், கால் தவறி விழுந்தார்கள் என்று நினைக்கக்கூடும். இரண்டாவதில் யாரோ எறிந்தார்கள் என்று தெரிகிறது. யார் என்று தெரியவில்லை. மூன்றாவதில் மட்டுமே செய்தவரும் செயலும் செயலுக்கு உள்ளானவரும் ஒன்றாக நிற்கின்றனர். நான்காவதில் எறிந்தவரும் இல்லை, எறியப்பட்டவரும் இல்லை. மழை பெய்ததைப் போல ஏதோ ஒன்று ‘நிகழ்ந்தது’.

இது நமது இலக்கண பாடம்தான். ‘எறிந்தனர்’ என்ற வினைமுற்று திணை, பால், எண், இடம், காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ‘எறிதல்’ என்ற தொழிற்பெயர் செயலின் பெயரை மட்டும் சொல்லும்; செய்தவரை நமக்குக் காட்டாது. ஆங்கிலத்தின் ‘ஏஷன்’ என்ற பின்னொட்டும் இதையே செய்கிறது. ஜேர்மானியர் பிராக் நிகழ்வை ‘ஃபென்ஸ்டர்ஷ்டூர்ட்ஸ்’ என்பர். யன்னல் வீழ்ச்சி என்று அதைத் தமிழாக்கலாம். அதிலும் எறிந்த கையைக் காணோம்.

தொழிற்பெயர்கள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் பாடநூலே எழுத முடியாது. ஆனால் அவற்றைக் காணும்போது நின்று, “யார்? யாருக்கு?” என்று கேட்க வேண்டும்.

நீங்கள் அடிக்கடி எழுதும் கட்டுரைத் தலைப்பொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சூழல் மாசடைதல். சூழல் தானாகவே மாசடைகிறதா? ‘மாசடைதல்’ என்பதை ‘மாசுபடுத்துதல்’ என்று மாற்றிப் பாருங்கள். உடனே ஆற்றங்கரையில் குப்பை கொட்டும் கைகள் தெரியத் தொடங்கும். அவற்றில் நம் கைகளும் இருக்கலாம். நமது சொல்லுக்கு ஒலியில் நெருங்கிய ‘டிஃபொரஸ்டேஷன்’ என்பதும் அப்படியே. ‘காடு குறைந்தது’ என்று எழுதினால் எவரிடமும் கணக்குக் கேட்க முடியாது. ‘காட்டை அழித்தனர்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாகவே வரும்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் சமூகத்துக்கு மிக அண்மையானது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தம் ஊர்களைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குச் சில மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. இதைச் சிலர் ‘இடம்பெயர்வு’ என்று எழுதுவர். ‘இடம்பெயர்ந்தனர்’ என்பது தன்வினை. தாமாக எழுந்து போனதைப் போன்றது. ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பது செயப்பாட்டுவினை. அதில் வெளியேற்றிய ஒருவர் இருந்தாக வேண்டும். இரண்டு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் புத்தளத்தின் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த ஓர் உம்மாவிடம் கேட்டால் அகராதியைவிடத் தெளிவாகச் சொல்லித் தருவார்.

இந்தக் கேள்வியைப் பிறரை நோக்கி மட்டும் கேட்பது நேர்மையாகாது. நம்மவர் தவறு செய்த இடத்தில் “ஏதோ நடந்துவிட்டது” என்று மெல்லிய சொல்லைத் தேடுவது மனித இயல்பு. பிராக்கில் இரு தரப்பினரும் அதைத்தான் செய்தார்கள். வீட்டில் கண்ணாடிக் கோப்பை கைதவறும்போது நாமும் “கோப்பை உடைஞ்சிட்டுது” என்றுதான் சொல்கிறோம். “நான் உடைச்சிட்டன்” என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம்.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும்

ஒரு நாளைக்கு ஐம்பது சொற்கள் எனப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. பரீட்சை முடிந்த மறுவாரம் அவற்றில் எத்தனை நினைவில் நிற்கின்றன? அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஐந்து சொற்களை எடுங்கள். ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: இதன் பகுதிகள் எவை?
இரண்டாவது: பகுதிகளைச் சேர்த்தால் மனதில் என்ன காட்சி வருகிறது?
மூன்றாவது: இந்தச் சொல் எங்கே, யாருக்குத் தேவைப்பட்டது?
நான்காவது: இது ஒரு செயலின் பெயரானால், செய்தவர் யார், யாருக்குச் செய்தார்?

விடைகளை ஒரு தனிக் கொப்பியில் எழுதுங்கள். பெற்றோர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, “இண்டைக்கு எந்தச் சொல்லப் பிரிச்சீங்க, மகள்? அதுக்குள்ள என்ன இருந்திச்சு?” என்று உம்மாவோ வாப்பாவோ கேட்டால் போதும். சொல்லிக் கொடுப்பவளுக்கே பாடம் நிலைக்கும்.

தொடங்குவதற்கு மூன்று சொற்களைத் தருகிறேன். ‘மனுஸ்கிரிப்ட்’: இலத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை, ‘ஸ்கிரிப்ட்’ என்ற பகுதி எழுதப்பட்டதைக் குறிக்கும். ‘கண்டிடேட்’: இதன் வேருக்கு வெண்மை என்று பொருள், உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த ஆடை அணிந்தனர். இந்தச் செய்தியை அடுத்த தேர்தலில் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ‘கம்பேனியன்’: ‘கொம்’ என்றால் உடன், ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. இந்தச் சொல் தோழியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் பக்கத்தில் இருப்பவளிடம் நீங்களே பிரித்துக் காட்டுங்கள்.